கூடிப் பேசும் இடமும் கைத்தொலைபேசியும்

இங்கிலாந்தின் தென்கரையிலே, பிறைற்றன் நகரை அடுத்துள்ள ஹோவ் என்னும் ஊரில், 2016ஆம் ஆண்டில் மதுச்சாலை உரிமையாளர் ஒருவர் புதுமையானதொரு வேலையைச் செய்வித்தார். தமது கடையின் சுவர்களிலும் கூரையிலும் உலோகத் தகட்டையும் செப்புக் கம்பி வலையையும் பதித்தார். அழகுக்காக அன்று, உள்ளே வருவோரின் கைத்தொலைபேசிகள் வாயடைத்துப் போகவேண்டும் என்பதற்காக. மின்கடத்தும் பொருளால் சூழப்பட்ட ஒரு வெளியினுள்ளே புறத்திலுள்ள மின்புலம் புகாது என்பதை மைக்கேல் பரடே என்னும் அறிஞர் 1836ஆம் ஆண்டிலே செய்து காட்டினார். கைத்தொலைபேசிக்குச் செய்தி கொண்டுவரும் அலையும் வானொலி அலையின் குலத்தைச் சேர்ந்ததே. ஆதலால் பரடேயின் கூட்டுக்குள் அதுவும் நலிந்து போகின்றது. அலைகளைக் குழப்பும் பொறியொன்றை வைத்திருக்கலாமே எனின், அது பிரித்தானியச் சட்டப்படி குற்றமாகும். செப்பு வலையோ எதனையும் ஒலிபரப்புவதில்லை. பேசாமல் நின்று தடுக்கின்றது. ஆகவே சட்டம் அதன்மேற் கைவைக்கவில்லை.

அந்தக் கடையின் மேசைகளிலே பழைய பாணித் தொலைபேசிகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றினால் ஒரு மேசையிலிருப்பவர் மற்றொரு மேசையிலிருப்பவரை அழைக்கலாம். ஊருக்கு வெளியே பேச முடியாது. பக்கத்து மேசையோடு பேசலாம். உரிமையாளர் கருதியது இதுவே: கடைக்கு வந்தவர்கள் கடையிலிருப்பவர்களோடு பேசுதல் வேண்டும்.

பத்திரிகைகள் இச்செய்தியை ஒரு வேடிக்கையாகவே வெளியிட்டன. ஆனால் அதன் பின்னர் அத்தகைய இடங்கள் பல தோன்றின. யோர்க்ஷயர் மாவட்டத்தில் 1758ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் சாமுவேல் சிமித் என்னும் மதுவடிசாலை, தனக்குரிய மதுச்சாலைகள் அனைத்திலும் கைத்தொலைபேசிப் பாவனையை 2019இல் விலக்கியது. பேசவேண்டியவர் வாசலுக்குப் போய்ப் பேசலாம் என விதித்தது. இசைத்தட்டொலியை அந்நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிறுத்திவிட்டது. ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரிலே 2024ஆம் ஆண்டில் மூன்று இளைஞர் ‘ஒஃப்லைன் கிளப்’ என்றொரு சங்கத்தைத் தொடக்கினர். கோப்பிச்சாலையொன்றில் மாலைவேளையிற் கூடுவோர் வாசலிலே தத்தம் கைத்தொலைபேசியை ஒப்படைத்துவிட்டு உட்செல்கின்றனர். சிறிது நேரம் ஒவ்வொருவரும் தமக்குரிய புத்தகத்தோடோ தையலோடோ மௌனமாக இருப்பர். பின்னர் சிறிது நேரம் ஒருவரோடொருவர் உரையாடுவர். இதற்குக் கட்டணமும் உண்டு. முன்னொரு காலத்தில் எவரும் காசு கொடாமற் பெற்ற ஒன்றுக்கு இன்று நுழைவுச் சீட்டு வாங்கவேண்டியிருக்கின்றது. இன்னுமொரு விநோதம் யாதெனில், இக்கூட்டங்களைப் பற்றிய அறிவித்தலைப் பெரும்பாலோர் காண்பது கைத்தொலைபேசியின் திரையிலேதான்.

இவ்வாறு கருவியை வாசலில் வைத்துவிட்டுப் போவதால் மனத்துக்கு உண்மையாகவே நன்மை உண்டாகின்றதா, அன்றிப் பழமையை விரும்புவோரின் கற்பனைதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ரே ஓல்டன்பேர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1989இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதருக்கு வீடும் தொழிலிடமும் போக மூன்றாவதோர் இடமும் தேவை என்றார். கோப்பிக்கடை, சிகை அலங்கரிக்கும் கடை, மதுச்சாலை, சிறு புத்தகக்கடை என்பன அவர் காட்டிய உதாரணங்கள். அங்கே செல்வதற்கு அழைப்புத் தேவையில்லை. போனவரின் பதவியும் செல்வமும் அங்கே பெரிதல்ல. அவ்விடத்தின் முக்கியமான தொழில் பேச்சு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வாசிகசாலை விறாந்தையும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பதை நேயர்கள் எளிதிற் காண்பர். வீட்டிலே தந்தையாகவும், கந்தோரிலே எழுதுவினைஞராகவும் இருப்பவர் இந்த மூன்றாவது இடத்திலே வெறும் மனிதராக இருக்கின்றார். அந்த இளைப்பாறுதல் மனநலத்துக்குச் சிறிய உதவியன்று.

ஆனால், அங்கேயும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏர்விங் கொஃப்மன் என்னும் சமூகவியலறிஞர் பொது இடங்களில் மனிதர் நடந்துகொள்ளும் முறைபற்றி 1963இல் எழுதிய நூலிலே இதனைக் கவனித்திருக்கின்றார். பிறருடைய பார்வையினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளும் கேடயமாக மனிதர் பத்திரிகையைப் பயன்படுத்துகின்றனர் என்றார் அவர். எனினும் பத்திரிகைக் கேடயத்துக்கும் இன்றைய கேடயத்துக்கும் வேறுபாடு உண்டு. பத்திரிகை ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சட்டைப்பையிலிருந்து அதிர்வதில்லை. வாசித்து முடிந்தால் அது முடிந்ததுதான். அன்றியும், ஒருவர் விரித்த பத்திரிகையின் மறுபக்கத்தை எதிரே இருப்பவரும் வாசிக்கலாம். வாசித்துவிட்டு அதைப்பற்றியே ஒரு வாதத்தையும் தொடங்கலாம். கைத்தொலைபேசியின் திரை ஒருவருக்கு மட்டுமே முகங்காட்டுகின்றது. எதிரே இருப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும்.

உடலால் ஓரிடத்தில் இருந்துகொண்டே உள்ளத்தால் வேறோரிடத்தில் இருக்கும் இந்நிலைக்கு, கெனத் கேர்கன் என்னும் உளநூலறிஞர் 2002ஆம் ஆண்டில் ஒரு பெயர் வைத்தார். ‘இல்லாத இருப்பு’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஒருவர் எழுந்து போய்விட்டால் அவர் போய்விட்டார் என்று மற்றவர் அறிவர்; தம் பேச்சை நிறுத்துவர் அல்லது வேறொருவரிடம் திருப்புவர். ஆனால் முன்னே இருந்துகொண்டே போய்விட்டவரிடம் எவ்வாறு பேசுவது? பேச்சைத் தொடர்ந்தாலும் சங்கடம், நிறுத்தினாலும் சங்கடம். தலையசைப்பு மட்டும் வரும். அது எந்த வார்த்தைக்கு உரிய தலையசைப்பு என்பது தெரியாது.

ஷெரி ரேர்க்கிள் என்னும் பேராசிரியர், மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பல ஆண்டுகளாக மனிதருக்கும் கணனிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். உரையாடலைப் பற்றி 2015இல் அவர் எழுதிய நூலிலே, மாணவி ஒருத்தி சொன்ன ஏழு நிமிடக் கணக்கொன்றைக் குறிப்பிடுகின்றார். ஓர் உரையாடல் எத்திசையிற் போகும் என்பது தெரிவதற்கு ஏழு நிமிடமாவது செல்லும். அதுவரை பொறுத்திருக்கவேண்டும் என்பது அந்தக் கணக்கு. பெரும்பாலான உரையாடல்களின் தொடக்கம் சுவையற்றது. சுகமா, மழை எப்படி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று தொடங்கி, இடையிலே ஒரு மௌனம் விழுகின்றது. அந்த மௌனத்தைத் தாண்டினால்தான், ‘போன மாதம் ஒரு காரியம் நடந்தது, ஒருவரிடமும் சொல்லவில்லை’ என்ற வாக்கியம் பிறக்கின்றது. கைத்தொலைபேசி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தால், மௌனம் விழுந்த அக்கணமே கை அதனை நாடுகின்றது. உரையாடல் தன் ஏழாவது நிமிடத்தைக் காண்பதே இல்லை.

இவையெல்லாம் கூர்ந்து நோக்கியவர்களின் கூற்றுக்கள். கூற்று வேறு, சோதனை வேறு. உளநூலார் சோதித்தும் பார்த்திருக்கின்றனர்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்விலே, முன்பின் அறியாத இருவரை ஓரறையில் இருத்திப் பத்து நிமிடம் பேசவிட்டனர். சிலருக்கு அருகிலே, நேர்ப்பார்வையிற் படாத ஒரு மேசையில், கைத்தொலைபேசி ஒன்று கிடந்தது. வேறு சிலருக்கு அவ்விடத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் கிடந்தது. அந்தக் கைத்தொலைபேசி பேசிய இருவருக்கும் உரியதன்று. அது ஒலிக்கவும் இல்லை. ஆயினும் குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தில் பேசியவர்களே ஒருவரோடொருவர் கூடுதலான நெருக்கம் உண்டானதாகக் கூறினர். தொடர்ந்த சோதனையில், சிலருக்குப் பேசும்படி கொடுத்த பொருள் பிளாஸ்ரிக் கிறிஸ்மஸ் மரம். வேறு சிலருக்கு, சென்ற ஆண்டில் தம் வாழ்வில் நிகழ்ந்த முக்கியமான சம்பவம். பிளாஸ்ரிக் மரத்தைப் பற்றிப் பேசியவர்களுக்குக் கைத்தொலைபேசியினால் ஒரு குறையும் நேரவில்லை. மனத்தைத் திறந்து பேசவேண்டியிருந்தவர்களுக்கே குறை நேர்ந்தது.

இச்சோதனை மிகவும் புகழ்பெற்றது. ஆனால் அதனைப் பின்னர் வேறு ஆய்வாளர் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வுக்கும் இதே கதி நேர்ந்தது. தமது கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்திருந்த மாணவர், பையில் வைத்திருந்த மாணவர், வேறோர் அறையில் விட்டுவந்த மாணவர் ஆகிய மூவகையினருக்கும் நினைவாற்றற் பரீட்சை வைத்ததில், வேறோர் அறையில் விட்டுவந்தவர்களே முன்னின்றனர் என அவர்கள் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில அதனை ஆதரித்தன, சில மறுத்தன. ஆகவே, சும்மா கிடக்கும் கருவி அதன் இருப்பினாலேயே மந்திரம்போல் மனத்தைக் கெடுக்கின்றது என்று அறுதியிட்டுச் சொல்வோர் சற்றே அவசரப்படுகின்றனர். வாஷிங்டன் நகரின் கோப்பிச்சாலைகளில் நூறு சோடி மனிதர் பேசியதைக் கவனித்த ஆய்வொன்றும் இவ்விடத்திற் சொல்லத்தக்கது. கருவியை எடுத்து வைக்காதவர்களிடையே ஒருவரையொருவர் உணர்ந்துகொள்ளும் தன்மை கூடியிருந்தது; நெருங்கிய உறவினரிடத்தே இந்த வேறுபாடு பெரிதாகவும் இருந்தது. எனினும் கருவியை எடுத்து வைத்தவர் முன்னரே அந்தப் பேச்சில் விருப்பம் குன்றியவராக இருந்திருக்கலாம் அல்லவா? காரணம் எது, காரியம் எது என்பதை அந்த ஆய்வினால் வகுத்துக் காட்ட இயலவில்லை.

இந்தச் சந்தேகங்களைத் தாண்டி நிற்கும் ஆய்வென ஒன்றைச் சொல்வதாயின், கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தினர் செய்து 2018இல் வெளியிட்டதைச் சொல்லலாம். முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை அவர்தம் நண்பரோடும் குடும்பத்தினரோடும் ஓர் உணவுச்சாலைக்கு அழைத்து விருந்தளித்தனர். உண்மை நோக்கம் இன்னதென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. உணவின்போது ஒரு கேள்வி வரும், அதற்கு விடையளிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். சில குழுக்களுக்குக் கேள்வி கைத்தொலைபேசியில் வரும். ஆதலால் அதை மேசைமேல் வைத்திருங்கள் என்றார்கள். வேறு சில குழுக்களுக்குக் கேள்வி கடதாசியில் வரும். ஆதலால் கைத்தொலைபேசியை ஒலியடக்கி ஒரு பெட்டியில் இட்டுவிடுங்கள் என்றார்கள். இன்னார் இன்ன குழு என்பதைத் தீர்மானித்தது திருவுளச்சீட்டைப் போன்ற ஏற்பாடே ஒழிய, விருந்தினரின் விருப்பமன்று. இதுவே இச்சோதனையின் பலம்.

முடிவு யாது? கைத்தொலைபேசி மேசைமேல் இருந்தவர்களின் கவனம் கூடுதலாகச் சிதறியது. உணவுப்பொழுதில் அவர்கள் பெற்ற இன்பம் குறைந்தது. குறைவு பெரிதன்று, மிதமானதே. ஆனால் ஆய்வாளரே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கருவி அருகில் இருப்பவருக்குச் சலிப்புக் குறைந்திருக்கும், பேச்சுத் தளர்ந்தால் அதையாவது பார்த்துப் பொழுதைப் போக்கலாமே என்று அவர்கள் எண்ணியிருந்தனர். நிகழ்ந்ததோ மறுதலை. கருவி அருகில் இருந்தவர்களே கூடுதலாகச் சலித்தனர்.

சலிப்பைப் போக்க வந்த கருவி சலிப்பை வளர்த்தது ஏன்? பாதி கேட்ட கதை முழுதுங் கேட்ட கதையிலும் சுவை குறைந்தது என்பதே இதற்கு எளிய விளக்கமாகலாம். கதையின் நடுவிலே ஒருமுறை கண் திரைக்குப் போய்த் திரும்பினால், திரும்பி வந்தவருக்கு அண்ணன் ஏன் கோபித்தான் என்பது தெரியாது. தெரியாத கதை சலிக்கும். சலித்தால் கண் மீண்டும் திரைக்குப் போகும். கருவியை எடுக்காமல் விட்டாலும் அது அதிர்ந்தாற் போதும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, வந்த செய்தியைப் பாராமல் விட்டவர்களுடைய கவனமும் அவ்வேளையிற் குலைகின்றது என்று காட்டியது. ‘யாராக இருக்கும்’ என்ற எண்ணம் விரலினும் விரைந்தது.

அப்படியானால் ஒவ்வொருவரும் தாமாகவே மனத்தைக் கட்டுப்படுத்திக் கருவியைப் பையில் வைத்திருக்கலாமே. வாசலிற் பெட்டியும் சுவரில் வலையும் எதற்கு? இதற்கு விடை, பழக்கம் ஒட்டுவாரொட்டியாய் இருப்பதிலே உளது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உணவுச்சாலைகளில் மாணவர் சோடி சோடியாக இருந்து உண்பதைக் கவனித்த இருவர், ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்தால் சிறிது நேரத்தில் மற்றவரும் எடுப்பது மிகுதி என்று 2012இல் எழுதினர். எடுத்தவர் தம் நண்பரைத் தனியே விட்டார். தனியே விடப்பட்டவர் வேறென்ன செய்வார்? ஒருவர் மட்டும் உறுதியாக இருந்தால் அவருக்குக் கிடைப்பது உரையாடலன்று, எதிரே இருப்பவரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியமே. ஆகவே இது தனிமனித உறுதியால் மட்டும் தீரும் காரியமன்று. இடத்துக்கென ஒரு விதி இருந்தாற்றான் தீரும்.

விதியினால் இன்னொரு நன்மையும் உண்டு. அது பழியைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. ‘கொஞ்சம் அதை வைத்துவிட்டுப் பேசுங்கள்’ என்று மருமகன் மாமனாரிடமோ, ஊழியர் மேலாளரிடமோ சொல்ல முடியாது. இடத்தின் விதி சொன்னால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அவ்வாறே, அனுப்பிய செய்திக்கு உடனே மறுமொழி வராவிட்டால் கோபிக்கும் நண்பரிடமும், ‘அந்த இடத்தில் அது இயலாது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எப்பொழுதும் கைக்கெட்டியவராக இருக்கவேண்டும் என்ற கடமையினின்றும் இரண்டு மணிநேர விடுதலை கிடைக்கின்றது. இத்தகைய கூடங்களின் மிகப்பெரிய மனநன்மை இதுவே எனக் கொள்ள இடமுண்டு. கவனம் கூடுவதும் நினைவு தெளிவதும் அதற்குப் பின்னரே.

அயலாரோடு பேசுவதைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. சிக்காகோ நகரிலே புகையிரதத்தில் வேலைக்குச் செல்வோரைக்கொண்டு இரு ஆய்வாளர் செய்த சோதனை 2014இல் வெளிவந்தது. சிலரைப் பக்கத்திலிருக்கும் அந்நியரோடு பேசும்படியும், சிலரைத் தனிமையில் இருக்கும்படியும், சிலரை வழக்கம்போல் இருக்கும்படியும் பணித்தனர். அந்நியரோடு பேசியவர்களுக்கே பயணம் இனிதாயிருந்தது. விசித்திரம் யாதெனில், எது இனிதாயிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, தனிமையே இனிதாயிருக்கும் என்றுதான் பிரயாணிகள் எண்ணினர். மற்றவர் தம்மோடு பேச விரும்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர்; அவ்வாறே மற்றவரும் எண்ணுகின்றார்; இருவரும் மௌனமாகவே இறங்கிப் போகின்றனர். இந்தத் தப்பெண்ணத்தைக் கைத்தொலைபேசி உறுதிசெய்கின்றது. குனிந்த தலையைக் கண்டவர் ‘இவருக்குப் பேச விருப்பமில்லை’ என்றே முடிவுசெய்வார். ஒரு காத்திருப்பு அறையிலே அறிமுகமில்லாதவர்களை இருத்திப் பார்த்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றிலும், கைத்தொலைபேசி உடையோர் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைத்தது குறைவாகவே இருந்தது. புன்னகை சிறிய காரியம். ஊரிலே தனியாக வாழும் முதியவர் ஒருவருக்கு அன்றைய நாளிற் கிடைக்கும் ஒரே மனித முகம் அதுவாகவும் இருக்கலாம்.

ஒஃப்லைன் சங்கத்தார் மௌனத்துக்கென நேரம் ஒதுக்கியிருப்பதும் காரணமற்ற செயலன்று. மனிதருக்குத் தம்மோடு தாம் இருப்பது அத்துணை எளிதன்று. வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளிவந்த சோதனையொன்றில், வெற்றறையிலே பதினைந்து நிமிடம் தம் சிந்தனையோடு மட்டும் இருக்கும்படி பணிக்கப்பட்டவர்களுள் ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் அருகிலிருந்த பொத்தானை அழுத்தித் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டனர். அந்த அதிர்ச்சி விரும்பத்தகாதது என்று முன்னர்த் தாமே கூறியவர்கள் அவர்கள்! இந்நிலையில், வெற்றறையில் தனியே விடாமல், ஒரு புத்தகமும் பக்கத்திலே பத்துப் பேரின் மௌனமும் இருக்கும்படி செய்வது மனத்துக்கு நல்லதோர் ஊன்றுகோல்.

ஆயினும் கருவியை விலக்குவதெல்லாம் நன்மையே என்று கொள்வது பொருந்தாது. இசையரங்குகளிலும் நாடக மேடைகளிலும் 2014 முதல் ‘யொண்டர்’ என்றொரு பை வழங்கப்படுகின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியது அது. கைத்தொலைபேசியை அப்பையில் இட்டுப் பூட்டி உரியவரிடமே கொடுத்துவிடுவர்; கருவி கையில் இருக்கும், திறக்க இயலாது; மண்டபத்துக்கு வெளியே வந்து காந்தப் பீடமொன்றிலே தட்டினால் திறக்கும். படம் பிடிப்பதில் மூழ்காமற் கலையை அனுபவிக்கவேண்டும் என்பதே நோக்கம். படம் பிடிப்பது பற்றிய ஆய்வுகளோ இருவகையாகப் பேசுகின்றன. தாமே விரும்பிப் படம் பிடித்தவர்களுக்குக் கண்ணாற் கண்டவை கூடுதலாக நினைவில் நின்றன. காதாற் கேட்டவை குறைந்தே நின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு கண்டது. ஓவியக் காட்சியிலே கருவி சிலருக்குத் துணையாகலாம். கச்சேரியிலே அது காதைக் களவாடுகின்றது. இடத்துக்கிடம் கணக்கு வேறுபடும்.

இதனினும் பாரமான விஷயம் வேறொன்று. இன்று கைத்தொலைபேசி சிலருக்கு விளையாட்டுப் பொருளன்று, உடலுறுப்பைப் போன்றது. நீரிழிவு நோயாளர் சிலர் தோலில் ஒட்டிய சிறு கருவியின் மூலம் குருதியிலுள்ள சீனியின் அளவைக் கைத்தொலைபேசித் திரையிலேயே அறிகின்றனர். அளவு அபாயமாகக் குறைந்தால் எச்சரிக்கை எழுப்புவதும் அதுவே. செவிப்புலன் குன்றியோர் சிலர் பிறர் பேச்சை எழுத்தாக்கிக் காண்பதும் அதிலேதான். வீட்டிலே படுக்கையாகக் கிடக்கும் தாயைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்புவித்துவிட்டு ஒரு மாலைப் பொழுதுக்கு வெளியே வந்த மகளிடம், கருவியைப் பெட்டியிற் போடு என்று சொன்னால் அவளுக்கு உண்டாவது இளைப்பாறுதலன்று. அவள் உடல் மட்டும் கூடத்தில் இருக்கும்; உள்ளம் தாயின் கட்டிலருகே நிற்கும். கேர்கன் சொன்ன ‘இல்லாத இருப்பு’ கருவி இல்லாமலும் நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அடிக்கடி வெளியே போகும் வாய்ப்புள்ளவருக்கு இரண்டு மணிநேர மௌனம் இன்பம். எப்பொழுதோ ஒருமுறை போகின்றவருக்கு அது தவிப்பு.

இக்கருவி வருவதற்கு முன்னர் இந்தத் தவிப்புக்கு ஒரு மருந்து இருந்தது. கடையிலோ மண்டபத்திலோ பொதுவாக ஒரு தொலைபேசி இருந்தது. வீட்டிலுள்ளோர் அந்த எண்ணை அறிந்திருந்தனர். அவசரமானால் அழைப்பு வரும். கடைக்காரர் கூடத்துக்குள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அழைப்பவரும் அற்ப காரியத்துக்குக் கடைக்காரரைத் தொந்தரவு செய்யமாட்டார். இவ்வாறு அவசரமும் அற்பமும் தாமாகவே பிரிந்தன. இன்றைய கைத்தொலைபேசியிலோ தாயின் மூச்சுத் திணறலும், கடைத்தெருவின் மலிவு விற்பனையும் ஒரே ஒலியோடு வந்து ஒரே இடத்தில் விழுகின்றன.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றினால் தெளிவாகின்றது. 467 பேரைக் கொண்டு செய்யப்பட்ட அந்த ஆய்விலே, கைத்தொலைபேசியை ஒருவரிடமிருந்தும் பறிக்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு அதனுள் இணையம் மட்டும் தடுக்கப்பட்டது. அழைப்பு வரலாம், போகலாம்; குறுஞ்செய்தியும் வரலாம். தாய்க்குச் சுகமில்லை என்றால் செய்தி வந்து சேரும். இவ்வாறு இருந்தவர்களின் மனநலமும், தம் வாழ்வுபற்றிய திருப்தியும், நீண்டநேரம் ஒன்றிற் கவனம் வைக்கும் ஆற்றலும் உயர்ந்தன. பலரால் அத்தடையை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் இப்பயன் கிடைத்தது. மீந்த நேரம் எங்கே போயிற்று என்று ஆய்வாளர் விசாரித்தனர். மனிதரை நேரிற் சந்திப்பதிலும், உடற்பயிற்சியிலும், மரஞ்செடிகளுள்ள இடங்களில் உலாவுவதிலும் அது சென்றிருந்தது. நன்மையின் ஒரு பகுதி அங்கிருந்தே வந்தது.

ஆதலால் இத்தகைய கூடமொன்றை நடத்த விரும்பும் சங்கத்தாரோ கடைக்காரரோ வாசலில் ஒரு பெட்டி வைப்பதோடு நின்றுவிடலாகாது. பெட்டிக்கு மேலே, சுவரிலே, கம்பியால் இணைத்த ஒரு தொலைபேசியும் வேண்டும். அதன் எண் நுழைவுச் சீட்டிலே அச்சிடப்படவேண்டும். அழைப்பு வந்தால் எடுத்து, உள்ளே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். நோய்க் கருவியாகவோ செவித் துணையாகவோ கைத்தொலைபேசியைக் கொண்டுவருபவரிடம் காரணம் கேட்டுக் கூட்டத்தின் நடுவே நாணச் செய்யாமல் உள்ளே விடவேண்டும். மகள் அந்த எண்ணைப் பக்கத்து வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்; முதல் அரைமணி நேரம் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்; அதன் பின்னர் எதிரே இருப்பவர் தொடங்கிய கதையின் நடுப்பகுதியை அவளும் கேட்கத் தொடங்குவாள்.